செத்த பிறகும் வரப்பு தாண்டிய பன்றிகள்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். அம்மா உப்பளத்து வேலைக்குப் போனவள். இருவருக்கும் கையெழுத்து என்றால் பெருவிரல்தான். நான் கால்நடை மருத்துவர். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது, கேட்காதவர்களிடமும் சொல்வேன். அம்மாதான் கொஞ்சம் சுருக்கிச் சொல்வாள். மாப்பிள்ளையூரணியில் எங்கள் தெருவில் யார் கேட்டாலும், "எம் மவ டாக்டரு" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டும்போதுதான் மிச்சம் வெளியே வரும்: "அவ மாட்டுக்குல்லா பாப்பா!"

மாடுவரைக்கும் அம்மாவுக்குச் சம்மதம். பன்றி என்றால் முகம் சுருங்கிவிடும். அந்தக் கார்த்திகை, மார்கழி முழுக்க நான் பன்றிகளோடுதான் கிடந்தேன். அதுவும் செத்த பன்றிகளோடு. சாயங்காலம் வீடு திரும்பினால் பின்வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் காத்திருக்கும். குளித்துவிட்டு வந்தால்தான் உள்ளே விடுவாள். அப்பாவுக்கு வேறு கவலை. "ஆப்பிரிக்கப் பன்னிக் காய்ச்சலுன்னு பேப்பர்ல போட்டிருக்கானாம், டீக்கடைல ஒருத்தன் படிச்சுச் சொன்னான். ஆப்பிரிக்காவுலருந்து கப்பல்லயா வந்துச்சு? கப்பல் நிக்கிற நம்ம பெர்த்துல பன்னி ஒண்ணும் எறங்கலையே, நான் பாக்கலையே" என்றார். துறைமுகத்தில் அவர் கண்ணுக்குத் தெரியாமல் எதுவும் இறங்கிவிட முடியாது என்பது அவருடைய நம்பிக்கை.

எனக்குக் கிடைத்த முதல் பணியிடம், வேம்பார் போகும் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்து மருந்தகம். கிழக்கே உப்பளம், அதற்கப்பால் கடல். மேற்கே கரிசல் நிலம், முழுக்க மக்காச்சோளம். ஊரை ஒட்டி மேற்கே ஒரு பழைய கண்மாய். தண்ணீரைவிட அதில் சீமைக்கருவேல மரங்கள்தான் அதிகம். அந்த முள்ளுக்குள்தான் காட்டுப்பன்றிகள் குடியிருந்தன. கதிரில் பால் பிடிக்கிற பருவம் வந்ததும் கூட்டமாகக் கிளம்பி வரும். தின்பது கொஞ்சம், மிதித்துச் சாய்ப்பது மீதி. விடிந்து போய்ப் பார்த்தால் புஞ்சைக்குள் யாரோ பாயை விரித்துப் படுத்து உருண்டது போல இருக்கும்.

அதனால் கண்மாய்க்குள் பன்றிகள் செத்துக் கிடக்கின்றன என்று ஆடு மேய்க்கிறவர் வந்து சொன்னபோது, ஊரில் ஒருவருக்கும் வருத்தமில்லை. டீக்கடையில் சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. நான் முழுக்க மூடிய வெள்ளை உடையைப் போட்டுக்கொண்டு இறங்கியதும்தான் சிரிப்பு நின்றது.

"ஏலே, கொரோனா டிரெஸ்ஸுல்லா போட்டிருக்கு! திரும்ப வந்துட்டா?"

"மனுசங்களுக்கு ஒண்ணும் வராது அண்ணாச்சி. பயப்படாதீங்க."

"மனுசனுக்கு வராதுன்னா எதுக்கும்மா பன்னிக்கு வைத்தியம்? சாவட்டுமே, சனியன்."

ரத்தமும் காதுத் துண்டும் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து போபாலில் இருக்கும் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல்தான் என்று பதில் வந்தது.

இந்தக் காய்ச்சல் மனிதரைத் தொடாது, ஆடு மாட்டையும் தொடாது. பன்றிக்கு வந்தால் மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. பன்றி செத்தாலும் கிருமி சாகாது என்பதுதான் இதில் மோசம். ரத்தத்தில், தோலில், மண்ணில், பிணத்தை இழுத்த கயிற்றில், மிதித்த செருப்பில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே எங்கள் வேலை முழுக்கப் பிணத்தோடுதான். கண்டுபிடிக்க வேண்டும், கிடந்த இடத்தைவிட்டு அசைக்காமல் பக்கத்திலேயே ஆழமாகக் குழி தோண்ட வேண்டும், சுண்ணாம்பு கொட்டிப் புதைக்க வேண்டும், நாய் கிளறாமல் மேலே முள்ளை அள்ளிப் போட வேண்டும். கண்மாய்க்குள் அப்படியே செய்தோம். ஜேசிபி வந்தது, குழி விழுந்தது, முடிந்தது என்று நினைத்தேன்.

நான் பயந்தது காட்டுப்பன்றிகளுக்காக மட்டுமில்லை. ஊரின் கிழக்குக் கடைசியில், உப்பளத்தை ஒட்டி, ஓர் அக்கா வெண்பன்றி வளர்த்துக்கொண்டிருந்தாள். கணவர் துறைமுகத்துக்கு நிலக்கரி லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான் இருப்பார். பண்ணை முழுக்க அக்காவின் பொறுப்பு. கடற்கரை ஊர்களில் கிறிஸ்துமஸுக்குப் பன்றிக்கறி இல்லாமல் விருந்து இல்லை. கோயில் திருவிழாக்காரர்களும் கல்யாண வீட்டுக்காரர்களும் அக்காவிடம்தான் முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். விற்கிற குட்டிகளைவிட அவளுக்குத் தாய்ப்பன்றிகள்தான் உயிர். அந்தக் கொட்டிலில் ஒரு பன்றிக்குக் காய்ச்சல் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், நோயுள்ளது நோயில்லாதது என்று பார்க்காமல் அத்தனையையும் கொன்று புதைக்க வேண்டும். அதுதான் விதி. அதைச் செய்யப்போவதும் நான்தான்.

இதைச் சொல்லத்தான் அவள் வீட்டுக்குப் போனேன். கண்மாய்க்குள் இறங்கிய நான் கொட்டில் பக்கமே போகக் கூடாது என்பதால், ரோட்டில் நின்றபடியே கத்தினேன். அவள் வேலியோரம் இடுப்பில் கை வைத்து நின்று கேட்டாள்.

"என்னளா டாக்டரு, எங்க வீட்டு வாசல் உனக்கு ஆகாதோ?"

"எங்கிட்ட கிருமி இருக்கும்க்கா! செருப்புல இருக்கும்! நீங்க யாரையும் உள்ள விடாதீங்க!"

"நீ வந்தாத்தான் கிருமி வரும். அதுக்கு நீ வராம இருந்தா போதும்லா?"

"எச்சில் சோறு போடாதீங்க! போட்டா நல்லாக் கொதிக்க வச்சுப் போடுங்க!"

நெடுஞ்சாலைப் பரோட்டாக் கடைகளில் மிஞ்சுவதுதான் அவள் பன்றிகளுக்கு முக்கியத் தீனி. இடுப்பிலிருந்த கையை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"ஏளா, பரோட்டாவத் திரும்ப வேக வச்ச பொம்பளைய நீ எங்கயாவது பாத்திருக்கியா?"

அப்படிச் சொன்னாலும் மறுநாள் அண்டாவை அடுப்பில் ஏற்றிவிட்டாள். வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டி வைத்தாள். காட்டுப்பன்றியின் மூக்கு கொட்டிலைத் தொடாதபடி, இருந்த வேலிக்கு வெளியே இடைவெளி விட்டு, பழைய மீன்வலையையும் முள்ளையும் வைத்து இன்னொரு வேலி போட்டாள். ஒவ்வொன்றையும் என்னைத் திட்டிக்கொண்டேதான் செய்தாள். மருந்தகத்தில் விட்டு வைத்திருந்த என் பைக்கில் வந்து, ரோட்டில் நின்று அந்தத் திட்டைக் கேட்டுவிட்டுப் போவது எனக்கு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் கிணற்று மேடு என்கிற புஞ்சையிலிருந்து போன் வந்தது. அந்தப் புஞ்சைக்காரரின் அண்ணன் மகன் பேசினான். சித்தப்பா புஞ்சையில் பெரிய ஆண் பன்றி ஒன்று செத்துக் கிடக்கிறதாம். உடையை மாட்டிக்கொண்டு, சுண்ணாம்பு மூட்டையோடு போய்ச் சேர்ந்தேன். புஞ்சைக்கார அண்ணாச்சி வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பன்றியைக் காணவில்லை.

"எங்க அண்ணாச்சி?"

"அது எந்திரிச்சுப் போயிட்டும்மா."

"செத்துக் கெடந்ததுன்னாங்களே?"

"மயக்கமாக் கெடந்திருக்கும். வெயில் பட்டதும் தெளிஞ்சிட்டு போல."

அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னால் மக்காச்சோளத் தட்டைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. ஈக்கள் வேறு மொய்த்துக்கொண்டிருந்தன. "மயக்கமான பன்னிக்கு இவ்வளவு ஈயா?" என்று கேட்டேன். "ஈக்கு என்னம்மா தெரியும்" என்றார் அவர், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு.

அந்தப் பன்றி மறுநாள் அடுத்த புஞ்சையில் அகப்பட்டது. வயிறு ஊதி, ஒரு நாள் அதிகம் செத்திருந்தது. அந்தப் புஞ்சைக்காரரும் சத்தியம் செய்தார்: "காலைல வந்து பாக்கேன், கெடக்கு. ராத்திரி எப்ப வந்து செத்துச்சோ!" அதன் பின்னங்காலில் கயிறு இறுக்கிய தடம் தெளிவாக இருந்தது. தன் காலில் தானே கயிறு கட்டிக்கொண்டு வந்து சாகிற பன்றியை எங்கள் கல்லூரியில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அதற்கடுத்த பன்றியும் அப்படித்தான், அதற்கடுத்ததும். கண்மாயிலிருந்து கிழக்கு நோக்கி, ஒவ்வொரு புஞ்சையாக, பிணங்கள் வந்துகொண்டிருந்தன. மூக்குப் போகிற திசைக்கெல்லாம் போகிறது காட்டுப்பன்றி. இவை மட்டும் வரப்பு பார்த்து, பாதை பார்த்து, நேர்கோட்டில் வந்தன. அந்தக் கோட்டை நீட்டினால் போய் முட்டுகிற இடம் அக்காவின் கொட்டில்.

காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய துப்பறிதல் எல்லாம் தேவைப்படவில்லை. டீக்கடையில் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்ததே போதுமாயிருந்தது. காட்டுப்பன்றியைக் கொன்றால் வனத்துறை கேஸ் போடும். அந்த ஊரில் பாதிப் பேர் ஏதாவது ஒரு வருஷம் வேலியில் கரண்ட் கம்பி கட்டியவர்கள். கட்டாதவர்கள் கட்ட நினைத்தவர்கள். ஆகவே எவர் புஞ்சையில் பிணம் கிடக்கிறதோ அவர்தான் குற்றவாளி என்று எல்லோரும் தாமாகவே தீர்மானித்துக்கொண்டார்கள். விடிவதற்குள் காலில் கயிற்றைக் கட்டி, டிவிஎஸ் வண்டியில் மாட்டி, அடுத்தவன் வரப்புக்கு இழுத்துத் தள்ளிவிடுவது. அவன் அதற்கு அடுத்தவனுக்கு. ஊரே சேர்ந்து கிருமிக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது. கண்மாயிலேயே அடங்கியிருக்க வேண்டிய காய்ச்சல், பெட்ரோல் செலவில் பயணம் போய்க்கொண்டிருந்தது. இரவில் கதிர் தின்ன வந்த நல்ல பன்றிகள், பிணம் இழுபட்ட தடத்தை மோந்து பார்த்துவிட்டுப் போய்ச் செத்தன.

வனக்காப்பாளரை அழைத்து வந்தேன். இளவயது ஆள், சாயல்குடிப் பக்கம் சொந்த ஊர். டீக்கடை முன்னால் நின்று, "காய்ச்சல்ல செத்த பன்னிக்குக் கேஸ் கிடையாது, யாரும் அசைக்காதீங்க, டாக்டருக்குப் போன் பண்ணுங்க" என்று நல்லபடியாகத்தான் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் ஜீப் கிளம்பிய புழுதி அடங்குவதற்குள் ஒருவர் சொன்னார்:

"இப்படித்தான் நல்லாப் பேசுவான். பேர எழுதிட்டுப் போயி, பொறவு கூப்பிடுவான்."

"அவரு ஏன் அண்ணாச்சி பேர எழுதப்போறாரு? செத்தது காய்ச்சல்லதான்னு நான்தான் எழுதிக் குடுக்கப்போறேன்."

"நீ எழுதுவம்மா. படிச்ச புள்ள. அத அவன் படிக்கணும்லா?"

படித்ததில் எனக்கிருந்த பெருமை அன்றைக்கு ஒரு டீக்குக்கூட உதவவில்லை.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்ச நாள் முன்னால், காலையில் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போது அக்கா போன் செய்தாள். அவள் எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. திட்டவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"ஏளா, வெளி வேலில ஒண்ணு கெடக்கு. சாத்தி வச்சிருக்கானுவ."

"தொட்டீங்களா?"

"தொடல."

"பன்னி எதுவும் கிட்டப் போச்சா?"

"எல்லாத்தையும் உள்ள அடச்சுட்டேன். நாயவும் கட்டிட்டேன். நீ சீக்கிரம் வா."

போய் இறங்கினால், வெளி வேலியில் சாய்ந்தபடி ஒரு பெரிய ஆண் பன்றி, தலை மீன்வலைக்குள் சிக்க, யாரோ உட்கார வைத்தது போலக் கிடந்தது. அக்கா கொஞ்ச தூரத்தில் கையில் ஒரு கம்போடு நின்றாள். காக்கையையும் நாயையும் விரட்டிக்கொண்டு, நான் வரும்வரை அங்கேயே நின்றிருக்கிறாள். அவள் வேலிக்கு மேற்கே கடைசிப் புஞ்சை. அங்கிருந்து வேலிவரை டிவிஎஸ் டயர் தடம் வெட்டவெளிச்சமாக இருந்தது. கிழக்கே வரப்பே இல்லை, உப்பளம்தான். அக்காவும் இருட்டோடு உப்பளத்து ஓடையில் தள்ளிவிட்டிருந்தால் கேட்பார் கிடையாது. எனக்குச் சொன்னால் கொட்டில் முழுவதையும் சோதிப்பார்கள், நோய் இருந்தால் ஒன்றையும் விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். நான்தான் ரோட்டில் நின்று கத்திக் கத்திச் சொல்லியிருந்தேனே.

"ஏன்க்கா நீங்க இழுத்துப் போடல?" என்று கேட்டுவிட்டேன்.

என்னை ஏதோ மூளையில்லாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"இழுக்க எவ கை? என் கை. எவ கயிறு? என் கயிறு. அதே கையோட பொறவு நான்தான உள்ள போயித் தீனி வைக்கணும்? கிருமி கயித்துல இருக்கு, செருப்புல இருக்குன்னு தெனம் ரோட்டுல நின்னு காக்கா மாதிரிக் கத்துனது யாரு? நீதான?" பிறகு மேற்கே திரும்பி, ஊருக்கே கேட்கும்படி குரலை உயர்த்தினாள். "இல்லன்னா இத அவன் வீட்டுக் கட்டில்லயே கொண்டு போட்டிருப்பேன்! எவன்னு எனக்குத் தெரியாதா? டயரு தேஞ்ச டிவிஎஸ்ஸு ஊர்ல எத்தன இருக்கு?"

கொஞ்ச நேரத்தில் ஊரே ரோட்டில் கூடிவிட்டது. வனக்காப்பாளரும் வந்தார். எல்லோரும் காத்திருந்தது ஒன்றுக்குத்தான்: அக்கா மேல் கேஸ் போடுவாரா மாட்டாரா? அவர் தடத்தைப் பார்த்தார், பன்றியைப் பார்த்தார், கரண்ட் காயமில்லை, வெடிக்காயமில்லை என்று நான் சொன்னதைக் கேட்டார். "சரி மேடம், புதைச்சிருங்க" என்று சொல்லிவிட்டு, அக்காவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அக்கா கொடுக்கவில்லை. "உள்ள யாரையும் விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்கு. அங்கன கடைல போயிக் குடிங்க." ஜீப் போய்விட்டது. கேஸ் இல்லை. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. பிறகு ஒரே பேச்சு.

அன்று மத்தியானமே கிணற்று மேட்டுப் புஞ்சைக்கார அண்ணாச்சி போன் செய்தார். "டாக்டரம்மா, நம்ம புஞ்சைல ஒரு குட்டி கெடக்கு. இந்தத் தடவ எந்திரிக்கல." அதற்குப் பிறகு ஊரில் ஒரு பிணமும் வரப்பு தாண்டவில்லை. கிடந்த இடத்திலேயே குழி, கிடந்த இடத்திலேயே சுண்ணாம்பு. இழுத்த கயிறுகளை எல்லாம் கொண்டுவந்து போடச் சொல்லி ஒரே தீயில் எரித்தோம். வண்டி டயர்களை பிளீச்சிங் தண்ணீரில் கழுவ வைத்தோம். மெல்ல மெல்ல போன்கள் குறைந்தன.

அக்காவின் கொட்டிலுக்குள் நான் போகவில்லை, போகக் கூடாது. பிணம் பக்கமே வராத வேறொரு மருத்துவர், குளித்து, புது உடையும் புது செருப்புமாக வந்து ரத்தம் எடுத்துப் போனார். முடிவு வரும்வரை தினமும் ரோட்டில் நின்று கேட்பேன்: "தீனி தின்னுச்சாக்கா? காய்ச்சல் இருக்கா? காது சிவந்திருக்கா?" முதல் சில நாள் நீளமாகத் திட்டினாள். அப்புறம், "தின்னுச்சு" என்று ஒரே சொல்தான். கிறிஸ்துமஸ் வந்தது, போனது. பக்கத்து ஊர்க் கோயில்களில் வெடிச் சத்தம் கேட்டது. அவள் பன்றிகள் எதுவும் கொட்டிலைவிட்டு வெளியே போக அனுமதி இல்லை. விருந்துக்குச் சொல்லிவைத்தவர்கள் கோழிக்குப் போய்விட்டார்கள். திட்டு இல்லாத அந்த ஒற்றைச் சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டில் சோறு இறங்காமல் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அம்மா, "அந்தப் பன்னிக்கு ஒண்ணும் ஆகாதுளா, தின்னு" என்றாள். பன்றி என்ற சொல்லை அவள் முகம் சுருங்காமல் சொன்னது அன்றைக்குத்தான்.

முடிவு வந்தபோது நான் மருந்தகத்தில் ஓர் ஆட்டுக்குக் குடற்புழு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். பாதி ஆட்டின் வாயிலும் பாதி என் சட்டையிலும் போயிற்று. போனில் சொல்ல மனமில்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். ரோட்டில் நின்றேன். அக்கா கொட்டில் வாசலில் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"அக்கா! இல்ல! எதுக்கும் நோய் இல்ல!"

அகப்பையைக் கீழே வைத்தாள். திரும்பிக் கொட்டிலுக்குள் போய்விட்டாள். பிறகு உள்ளேயிருந்து, பன்றிகளைத்தான், ஒவ்வொன்றாகத் திட்டுகிற சத்தம் கேட்டது: தின்னி, குண்டி பெருத்தவளே, உன்னாலதான எனக்கு இந்தப் பாடு என்று. திட்டிய குரல் நடுவில் உடைந்து, மறுபடி சேர்ந்து, திட்டியது. வெளியே வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள்.

நான் கிளம்பவிருந்த நேரத்தில் மேற்கிலிருந்து டயர் தேய்ந்த ஒரு டிவிஎஸ் வந்து நின்றது. கடைசிப் புஞ்சைக்காரர். பின்னால் ஒரு மூட்டை. என்னைப் பார்க்காமல், அக்காவையும் பார்க்காமல், வேலியைப் பார்த்துச் சொன்னார்.

"மக்காச்சோளம் இருக்கு. பரோட்டாக் கடை எச்சில அப்படியே போடக் கூடாதுன்னாங்கள்லா… பன்னிக்கு ஆகும்."

அக்கா இருந்த இடத்திலிருந்தே கத்தினாள்.

"ஏலே, அங்கனயே நில்லு! எந்தப் புஞ்சைக் கதிரு அது? பன்னி கடிச்சு மிச்சம் வச்சதா?"

"இல்லக்கா! போன வருசத்து மூட்ட! எங்க வீட்டு உள்ள இருந்தது!"

"டயரக் கழுவுனியா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"கழுவிட்டு வாரேன்" என்று வண்டியைத் திருப்பினார்.

"மூட்டைய ரோட்டுலயே எறக்கி வச்சுட்டுப் போ! டாக்டரு பாத்துச் சொல்லட்டும்" என்றாள் அக்கா. பிறகு என்னிடம், "நீ என்னளா நிக்க? பிரிச்சுப் பாரு" என்றாள்.